அவங்க பாஷையில் ‘ஏறாதே’ கிடையாதா?

புதிதாக ஸ்பானியம் கற்பிக்க வந்திருக்கும் உங்களுக்கு, எதிர்மறை ஏவல் பாடத்தை எப்படி நடத்துவது என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள். சுருக்கமாக வேண்டும், இலவசமாகவும் வேண்டும். இரண்டாவது நிபந்தனையை மட்டும் காப்பாற்றியிருக்கிறேன்.

முதலில் விதி. ஸ்பானிய மொழியின் ஒழுங்கான வினைகள் எல்லாம் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்ற மூன்று வால்களில் ஒன்றோடு பிறக்கின்றன. ஒரு குழந்தையிடம் ‘பேசு’ என்று சொல்ல ‘ஆப்லா’. ‘பேசாதே’ என்று சொல்வதற்கு ‘நோ’வை முன்னால் நிறுத்தினால் மட்டும் போதாது. வாலில் இருக்கும் ‘ஆ’ எழுந்துபோய் அந்த இடத்தில் ‘எ’ உட்கார வேண்டும்: ‘நோ ஆப்லெஸ்’. மற்ற இரண்டு வகைக்கும் இதற்கு நேர்மாறு. சாப்பிடு, ‘கோமே’, சாப்பிடாதே, ‘நோ கோமாஸ்’. திற, ‘ஆப்ரே’, திறக்காதே, ‘நோ ஆப்ராஸ்’. இரண்டு கூட்டமும் இடம் மாற்றி உட்காருகின்றன, அவ்வளவுதான். மரியாதைக்குரியவரிடம் சொல்வதானால் கடைசி ‘ஸ்’ உதிர்ந்துவிடும். ஆங்கிலத்தின் வழியாக வரும் மாணவர்கள் இதில் திகைப்பார்கள். அவர்களுடைய ‘டோன்ட்’ வினையைத் தொடாமல் வாசலிலேயே நிற்கிற ஆசாமி. தமிழ்ப் பிள்ளை திகைக்க வேண்டியதில்லை. ‘பேசு’ என்பது ‘பேசாதே’ ஆகும்போது வால் மாறுவதை அது இடுப்பில் இருக்கும்போதே கேட்டுவிட்டது.

பாடம் முடிந்தது. பத்து நிமிடம் ஆகும். மீதி நேரத்தில் பயிற்சிகள் கொடுங்கள் என்று கையேடு சொல்கிறது. கையேட்டை எழுதியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் அதை மதிக்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டு. பயிற்சிக்குப் பதிலாக, இந்தப் பாடத்தை நான் வகுப்பறைக்கு வெளியே நடத்திய ஒரே தடவையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. காலையில் வகுப்பு எடுப்பேன். மற்ற நேரத்தில் வாய்மொழிபெயர்ப்பு. பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரம் வாங்க வந்தவர்களுக்கும் விற்க நின்றவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்காதது போல் பாவனை செய்வது அந்தத் தொழிலின் பெரும்பகுதி. நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலும் என் பெயர் இருந்தது. திறமைக்காக அல்ல. அன்றைய பெங்களூரில் ஸ்பானியம் தெரிந்தவர்களைத் தேடினால் ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

என்னைத் தொழிலில் சேர்த்துவிட்ட மூத்தவர் ஒருவர் மூன்றே விதிகள் சொன்னார். சொன்னதைச் சொல். சொல்லாததைச் சொல்லாதே. உன் கருத்தை வீட்டில் வைத்துவிட்டு வா. பிற்பாடு நான் படித்த நடைமுறைக் கையேடுகள் எல்லாம் இந்த மூன்றையும் நீட்டி முழக்கியவைதான்.

சிவாஜிநகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. அங்கிருந்து என்னை அழைத்தார்கள். வடக்கு ஸ்பெயினில் ஒரு சிறிய ஊரைச் சேர்ந்த தம்பதி ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க வருகிறார்கள். குழந்தைக்கு முன்கூட்டியே கொஞ்சம் ஸ்பானியம் சொல்லித்தர வேண்டும். அவர்கள் வந்தபிறகு கூடவே இருந்து மொழிபெயர்க்க வேண்டும். நீதிமன்றத்துக்கும் வரவேண்டும்.

குழந்தையின் பெயர் செல்வி. வயது ஏழு. முன்பற்கள் இரண்டு விழுந்து, அந்த இடைவெளி வழியாக நாக்கை நீட்டிக் காட்டுவதில் கைதேர்ந்தவள். தத்தெடுக்கும் விஷயத்தில் ஏழு வயது என்பது முதுமை. வருகிறவர்கள் தொட்டில் குழந்தையைத்தான் கேட்பார்கள். ஏழு வயதுக்காரியைக் கேட்டு ஒரு குடும்பம் வந்திருப்பது இல்லத்தில் எல்லோருக்கும் ஒரு அதிசயம். அதே வயதால் ஒரு சிக்கலும் இருந்தது. விவரம் தெரிந்த குழந்தை என்பதால் நீதிபதி அதையே கூப்பிட்டு, போக விருப்பமா என்று கேட்பார். குழந்தை மாட்டேன் என்றால் அத்தோடு முடிந்தது. செல்விக்கு இன்னொரு குடும்பம் வரப்போவதில்லை.

தவழும் பருவத்திலிருந்து அவளை வளர்த்தவர் கன்னியம்மா என்ற ஆயா. கன்னியம்மாவின் அகராதியில் வினைச்சொற்களுக்கு ஒரே ஒரு வடிவம்தான். “ஏய், ஏறாதே! ஓடாதே! தண்ணில கை வைக்காதே! அவன் தலைமுடிய புடிக்காதே! இன்னா மிஸ் பாக்குறீங்க, இதுங்கள வச்சிக்கினு சும்னே இருக்க முடியுமா?” காலையிலிருந்து இரவு வரை இதுதான். செல்வி அதைக் கேட்டபடியே ஏறுவாள், ஓடுவாள், கடைசியில் கன்னியம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்வாள்.

நான் பாடத்திட்டப்படி நடத்தினேன். வணக்கம், நன்றி, தண்ணீர் வேண்டும், பசிக்கிறது, என் பெயர் செல்வி. பிறகு ஏவல் வினைகளில் இனிமையானவை: வா, பார், சாப்பிடு, ஏறு. எதிர்மறை ஏவல் புத்தகத்தில் பிற்பாடுதான் வருகிறது. முதல் மாதத்திலேயே ‘கூடாது’களைக் கொட்டினால் மாணவர் ஓடிவிடுவார் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். செல்விக்குக் காது கூர்மை. பொறுக்கியதை எல்லாம் கூட்டுக்கு எடுத்துப் போகும் காக்கை போல, கேட்ட சொல்லை எல்லாம் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்.

தம்பதி வந்து இறங்கினார்கள். மனைவி பிலார், மருந்துக் கடையில் வேலை. கணவர் ஹூலியான், பள்ளி ஆசிரியர். இருவருக்கும் நாற்பதைத் தாண்டியிருக்கும். தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு நல்லவர்கள். அவர்கள் ஊரில் தத்துப் பெற்றோருக்கு ஒரு பயிற்சி கொடுத்து, ஒரு அறிவுரைத் தாளும் தந்து அனுப்பியிருந்தார்கள். பிலார் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். முதல் வாரங்களில் குழந்தையிடம் குரலை உயர்த்தாதீர்கள், எதையும் தடுக்காதீர்கள், கண்டிக்காதீர்கள், ‘கூடாது’ என்று சொல்லாதீர்கள். ‘கூடாது’ என்று சொல்லக்கூடாது என்பதை வரிக்கு வரி எதிர்மறை ஏவலிலேயே எழுதியிருந்தார்கள். எங்கள் பாடத்துக்கு அதைவிடச் சிறந்த பயிற்சித்தாள் எனக்குக் கிடைத்ததில்லை.

தினமும் மதியம் அவர்கள் வந்து குழந்தையோடு இருப்பார்கள். நான் நடுவில். செல்வி அவர்களிடம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து இல்லத்தின் கண்காணிப்பாளர் அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். எதைக் கொடுத்தாலும் ‘கிராசியாஸ்’ என்று நன்றி. கேட்ட கேள்விக்குப் பதில். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் என் கருத்து வீட்டில் இருந்தது.

வெளியே அழைத்துப்போக அனுமதி கிடைத்ததும் நிலைமை மாறியது. தங்கும் விடுதியில் கட்டிலின் மேல் ஏறிக் குதித்தாள். பிலார் சிரித்தாள். ஆட்டோவில் புதுச் செருப்பில் ஒன்றைக் கழற்றி வெளியே விட்டெறிந்தாள். ஹூலியான் இறங்கி ஓடி, தேடி, கிடைக்காமல் வேர்த்துத் திரும்பி வந்து, “பரவாயில்லை, கண்ணே” என்றார். நடைபாதையில் பிலாரின் கையை உதறிவிட்டு சாலையில் இறங்கி நாலு அடி ஓடினாள். பிலாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து முத்தம் கொடுத்தாள். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கணக்கு சரியா என்று ஆசிரியரிடம் காட்டும் பிள்ளையின் பார்வை அது. எனக்குத்தான் கேள்வி என்னவென்று தெரியவில்லை.

நீதிமன்றத் தேதி நெருங்கியது. அதற்கு இரண்டு நாள் முன்பு கன்னியம்மா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“மிஸ், பேஜாராப் போச்சு. போமாட்டேங்குது.”

“யார் சொன்னது?”

“அதுவேதான். ராத்திரி பூரா என் கைய புடிச்சிக்கினே தூங்குது. ஜட்ஜ் கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவேங்குது.”

உள்ளே கண்காணிப்பாளர் அம்மாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். “நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மேடம். பெரிய வீடு, பொம்மை, கார், பனி எல்லாம் இருக்கும்னு சொல்லுங்க.”

வழக்கில் மொழிபெயர்க்கப் போகிறவள் சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இது தெளிவான விதி. நான் அதைச் சொன்னதும் அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊர் தீப்பற்றி எரியும்போது வரிசையில் நிற்கச் சொல்லுகிறவளைப் பார்க்கும் பார்வை. நியாயம்தான். ஆனால் விதியும் நியாயம். பொம்மையும் பனியும் காட்டி ஒரு குழந்தையிடம் வாங்கும் சம்மதத்தை நான் எந்த மொழிக்கு மாற்றினாலும் அது சம்மதம் ஆகாது.

ஆட்டோவில் எறிந்த செருப்புக்குப் பதில் வேறு செருப்பு வாங்க வேண்டியிருந்தது. அழைத்துப் போகிறேன் என்றேன். செருப்பு வாங்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

துணிக்கடைகளுக்கும் கறிக்கடைகளுக்கும் நடுவில், பஸ்கள் உறுமிக்கொண்டு திரும்பும் அந்த நெரிசலில் கையைப் பிடித்தபடி நடந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவளே ஆரம்பித்தாள்.

“மிஸ், அவங்க பாஷையில ‘ஏறாதே’ கிடையாதா?”

“ஏன் கேக்கற?”

“‘ஏறு’ சொல்லிக் குடுத்தீங்க. ‘வா’ சொல்லிக் குடுத்தீங்க. ‘ஏறாதே’ சொல்லிக் குடுக்கல. அவங்களும் சொல்லமாட்டேங்கிறாங்க. நான் கட்டில்மேல குதிச்சேன். ஒண்ணும் சொல்லல. செருப்ப போட்டேன். ஒண்ணும் சொல்லல. ரோட்ல ஓடினேன், பஸ் வந்துச்சு, அப்பவும் ஒண்ணும் சொல்லல. ஆயாவா இருந்தா முதுகுல ரெண்டு வச்சிருப்பாங்க.”

“அவங்க ரொம்ப நல்லவங்கம்மா. அதான்.”

“சண்டே வர்றவங்களும் நல்லவங்கதான் மிஸ். கேக் குடுப்பாங்க. என்ன பண்ணாலும் சிரிப்பாங்க. போட்டோ எடுத்துக்கினு போய்டுவாங்க.” கொஞ்சம் நின்று செருப்பில்லாத காலால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டாள். “அவங்களுக்கு நான் விழுந்தா பரவால்ல.”

நான் நிறையப் பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். வழக்கறிஞர்கள், வியாபாரிகள், ஒரு தடவை ஒரு மந்திரி. இவ்வளவு சுத்தமாகத் தன் தரப்பை எடுத்து வைத்த கட்சிக்காரரை நான் கண்டதில்லை. அந்த இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எதையும் தடுக்கமாட்டார்கள். தடுக்கிறவர்கள் மறுநாளும் இருப்பார்கள். ஏழு வருடத்தில் அவள் கண்டறிந்த உலக நியதி அது. பிலாரும் ஹூலியானும் தங்கள் அறிவுரைத் தாளை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்து, ஒவ்வொரு நாளும் தாங்கள் விருந்தாளிகள் என்று அவளுக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார்கள்.

“இத அவங்ககிட்ட சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

“அப்ப சொல்லமுடியாதே.”

“அப்ப வேணாம்.”

என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. நேரே விடுதிக்குப் போய் பிலாரிடம், ‘அவளைத் திட்டுங்கள், சம்மதிப்பாள்’ என்று சொல்லலாம். பலன் கிடைக்கும். பிலார் நாளை மதியம் ஒத்திகை பார்த்தது போலத் திட்டுவாள். செல்வி அதையும் கண்டுபிடித்துவிடுவாள். குழந்தைகளிடம் பொய்க் கோபம் செல்லாது. இரண்டாவது வழி, நான் எதற்காகக் கூலி வாங்குகிறேனோ அந்த வேலையைச் செய்வது. பாடம் நடத்துவது.

“இருக்கு” என்றேன். “‘ஏறாதே’ இருக்கு. நோ சூபாஸ்.”

செல்வி நடையை நிறுத்திவிட்டாள். “நோ சூபாஸ்.” வாய்க்குள் போட்டுப் பார்த்தாள். “‘ஓடாதே’?”

“நோ கோர்ராஸ்.”

“‘தொடாதே’?”

“நோ தோகெஸ்.”

“‘கத்தாதே’?”

“நோ கிரீதெஸ்.”

“‘சனியனே’?”

“அது வேண்டாம்.”

செருப்புக்கடை வரும்வரை கன்னியம்மாவின் அகராதி முழுவதையும் மொழிபெயர்க்க வைத்தாள். ‘சாப்பிடாதே’, ‘குடிக்காதே’, ‘குதிக்காதே’. விதியை நான் சொல்லவே இல்லை. நாலைந்து சொல்லுக்குப் பிறகு வால் எப்படித் திரும்புகிறது என்று அவளே பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் காலுக்குச் செருப்பு மாட்டும்போது அவர் தலைக்கு மேல் சாய்ந்து, “எல்லாம் இருக்கு மிஸ். அப்புறம் ஏன் சொல்லமாட்டேங்கிறாங்க?” என்றாள்.

“தெரியலையே.”

“பயமா?”

“யாருக்கு?”

“அவங்களுக்கு. என்னப் பாத்து.”

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. “புதுசா வர்ற பசங்க அப்டித்தான் மிஸ். மொதல்ல எதுவும் பேசமாட்டாங்க. ஓரமா நின்னுக்கினு சிரிச்சிக்கினே இருப்பாங்க. நாமதான் சொல்லிக் குடுக்கணும்.”

மறுநாள் மதியம் தம்பதி வந்தார்கள். பக்கத்திலிருந்த கடைக்கு பஜ்ஜி சாப்பிடப் போனோம். தட்டின் ஓரத்தில் பொரித்த பச்சை மிளகாய் ஒன்று இருந்தது. ஹூலியான் அதை ஏதோ காய் என்று நினைத்து வாய்வரை கொண்டுபோனார்.

“நோ கோமாஸ்!” என்று ஒரு அலறல்.

கடையில் எல்லோரும் திரும்பினார்கள். ஹூலியான் வாயைத் திறந்தபடி சிலையாக இருந்தார். செல்வி எழுந்து, எட்டி, அவர் கையிலிருந்து மிளகாயைப் பிடுங்கி மேசைக்கடியில் எறிந்தாள். “காரம்! செத்துருவீங்க!” இது தமிழில். பிறகு, வேலை தொடங்கிவிட்டதால் நிறுத்துவானேன் என்பது போல, பிலார் டம்ளரை எடுக்கப்போனதும் “நோ பேபாஸ்!” என்றாள். கடைத் தண்ணீர். திரும்பி வரும் வழியில் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடக்கப்போன இருவருக்கும் “நோ கோர்ராஸ்!” சட்டைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். குரலும் இடுப்பில் வைத்த கையும் அப்படியே கன்னியம்மா.

பிலார் பின்தங்கி என்னோடு நடந்தாள். “நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்களா?”

“ஆமாம்.”

“ஏன்? நாங்கள் இதை அவளிடம் சொல்லவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே.”

இங்கேதான் கவனம் தேவைப்பட்டது. செல்வி எனக்குச் சொன்னதைச் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு மாணவி ஆசிரியரிடம் கேட்ட பாடக் கேள்வி ரகசியம் ஆகாது. அதை மட்டும் எடுத்தேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

“உங்கள் மொழியில் இந்தச் சொற்களே இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.”

இல்லத்தின் கதவருகில் வந்ததும் பிலார் தனக்குத்தானே சொல்வது போல, “என் அம்மா நாள் முழுக்க இதைத்தான் கத்துவாள்” என்றாள்.

நீதிபதி குழந்தையைத் தன் அறையிலேயே விசாரித்தார். கன்னடக்காரர். நரைத்த மீசை. மேசையின் ஒரு பக்கம் கோப்புகள், மறு பக்கம் ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பி, ஊசிமுனை மேலே பார்த்தபடி. அதை ஏன் இன்னும் அரசு அலுவலகங்களில் வைத்திருக்கிறார்கள் என்பது எந்த நடைமுறைக் கையேட்டிலும் விளக்கப்படவில்லை. ஒரு ஓரத்தில் எழுத்தர். எதிரே பிலாரும் ஹூலியானும். நடுவில் செல்வி, புதுச் செருப்போடு. நான் பக்கவாட்டில்.

செல்விக்குக் கன்னடம் தெரியும். சிவாஜிநகர்க் குழந்தைக்குத் தெரியாத மொழி குறைவு. நீதிபதி நேராக அவளிடமே கேட்டார். “இவ்ர ஜொதெ ஹோக்தீயாம்மா?” இவர்களோடு போகிறாயா?

செல்வி பேசவில்லை.

மறுபடி கேட்டார். மெதுவாக, முன்னால் குனிந்து. செல்வி மேசையைப் பார்த்தாள். என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்து, பதில் ஏன் வரவில்லை என்று மட்டும் தெரியாமல், ஹூலியான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிலார் என் முகத்தைப் பார்த்தாள். நான் என் முகத்தில் எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். உங்களுக்குச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் கடினமானது சொற்கள் அல்ல. மௌனத்தை மொழிபெயர்க்காமல் சும்மா இருப்பதுதான். ‘குழந்தை பயந்திருக்கிறாள், ஐயா’ என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அன்பான வாக்கியம். ஆனால் யாரும் சொல்லாத வாக்கியம். எழுத்தரின் பேனா காத்திருந்தது. நீதிபதி நாற்காலியில் சாய்ந்து அடுத்த கோப்பின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

செல்வியின் விரல் மேசை விளிம்பில் ஊர்ந்து கம்பியின் பக்கம் போயிற்று. எல்லாக் குழந்தைகளின் விரலும் அங்கேதான் போகும். முனை எவ்வளவு கூர்மை என்று பார்க்க உள்ளங்கையை அதன் மேலே கொண்டுபோனாள்.

“நோ தோகெஸ்!”

அறையே அதிர்ந்தது. எழுத்தரின் பேனா கோடு இழுத்தது. செல்வி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பிலார் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப உட்கார்ந்திருந்தாள். நீதிபதியின் முன்னால், விசாரணையின் நடுவில், தடுக்காதீர்கள் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்ததை எல்லாம் மீறி, குழந்தையின் மேல் கத்தியாகிவிட்டது.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். “ஏனந்த்ரு?” என்ன சொன்னார்?

நீதிமன்றத்தில் நான் வழக்கமாக ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பேன். ஆங்கிலத்தில் இதைச் சொன்னால் அது ஒரு கண்டிப்பு. ஒரு அந்நியப் பெண்மணி குழந்தையைக் கண்டித்தாள் என்று குறிப்பில் ஏறும். விதி சொல்வது, சொன்னதை அதே ஆளாக, அதே தொனியில் சொல். எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பதற்கு விதி, கேட்பவருக்கு நன்றாகப் புரிகிற மொழியில். அவர் கேட்டது கன்னடத்தில். நான் கன்னடத்தில், பிலாரின் தொனி குறையாமல் சொன்னேன்.

“முட்டபேடா!” தொடாதே.

எழுத்தர் இரண்டாவது முறை துள்ளினார். நீதிபதி தன் கையையும் கம்பியின் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார். பிறகு மீசைக்குள் ஏதோ அசைந்தது.

“இதக்கெ நீவு பேக்கிர்லில்லா, மேடம்” என்றார். இதற்கு நீங்கள் தேவைப்பட்டிருக்கவில்லை.

என் பணிக்காலத்தில் ஒரு நீதிபதி எனக்குக் கொடுத்த பாராட்டு அது ஒன்றுதான். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

செல்வி யாரையும் கவனிக்கவில்லை. திரும்பி பிலாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாகப் பார்ப்பது போல, மேலிருந்து கீழ்வரை. விழுந்த பற்களின் இடைவெளி மெல்லத் தெரிந்தது.

நீதிபதி மறுபடியும் கேட்டார்.

“ஹோக்தீனி” என்றாள். போகிறேன்.

“ஏன் போகணும்னு தோணுது?” என்று அவர் கன்னடத்தில் கேட்டார். சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வி.

“பைத்தாரெ” என்றாள் செல்வி, பெருமையாக. திட்டறாங்க.

எழுத்தர் நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தார், இதை எப்படி எழுதுவது என்பது போல. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, குழந்தை விருப்பத்தைத் தெரிவித்தாள் என்று எழுதச் சொன்னார். அந்தக் கோப்பில் இன்றைக்கும் அவ்வளவுதான் இருக்கும்.

உத்தரவு, பாஸ்போர்ட், விசா என்று அதற்குரிய காலம் கழிந்தது. அந்த நாட்களில் பிலார் பல வருடம் பூட்டி வைத்திருந்த குழாயைத் திறந்துவிட்டது போல ஆகிவிட்டாள். ஏறாதே, குதிக்காதே, அதை வாயில் வைக்காதே. செல்வி கேட்டபடியே ஏறினாள், குதித்தாள். கண்காணிப்பாளர் அம்மாள் கவலையோடு என்னிடம் வந்தார். “அந்தம்மா எதுக்கு மேடம் குழந்தைய திட்டிக்கிட்டே இருக்காங்க? என்ன சொல்றாங்க?” மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கிளம்புகிற நாள் மதியம் வாசலில் டாக்சி நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மிஸ், அவங்க பாஷையில ‘போகாதே’ன்னு எப்டி சொல்றது?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் டாக்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சும்னே கேட்டேன்” என்றார். “சொல்லாதீங்க.”

செல்வி பின் இருக்கையில் ஏறினாள். அழுவாள் என்று எல்லோரும் தயாராக இருந்தார்கள். அவள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் கண்டுபிடித்துவிட்டாள். வேறு எதற்கும் நேரமில்லை. டாக்சி நகர்ந்தது. கண்ணாடியை முழுக்க இறக்கி, தோள்வரை கையை வெளியே நீட்டி ஆட்டினாள். எதிரே ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

“கைய நீட்டாதே!” என்று கன்னியம்மா கத்தினார்.

அதே நொடியில் வண்டிக்குள்ளிருந்து பிலாரின் குரல். “நோ சாகெஸ் லா மானோ!”

கை உள்ளே போயிற்று. பஸ் கடந்து போனது. தூசி அடங்கியபோது டாக்சியைக் காணவில்லை.

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தம்மா என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்கவில்லை.

“பரவால்ல மிஸ்” என்றார். “சொல்றாங்க.”